இடது கண்ணாடி

ஏறுங்கள் சார். கதவு கொஞ்சம் நசுங்கியிருக்கும், ஓங்கி இழுத்தால்தான் சாத்தும். இன்னும் ஓங்கி. அவ்வளவுதான். கல்யாண மண்டபத்துக்காரன் தூண் நட்ட லட்சணம் அது. வண்டி போகிற வழியில் எவனாவது தூண் நடுவானா? கேட்டால், தூண் இருபது வருஷமாக அங்கேதான் நிற்கிறது என்கிறான்.

கரூர்தானே? நானும் கரூர்தான். இந்த நேரத்துக்குப் பள்ளபட்டி பிரிவில் பஸ்ஸுக்கு நின்றால் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். இந்த ரூட்டில் காலமெல்லாம் அரசு பஸ் ஓட்டியவன் சொல்கிறேன். டிரைவர் மாரப்பன் என்றால் அரவக்குறிச்சியில் சின்னப் பிள்ளையும் சொல்லும். ரிட்டையர் ஆகும்வரை ஒரு ஆள்மேல் பஸ் பட்டதில்லை. ஒரு கோழிமேல் பட்டதில்லை. கேடயம் கொடுத்தார்கள், வீட்டில் இருக்கிறது.

பின் சீட்டில் போர்வை சுற்றி இருப்பதா? கம்ப்யூட்டர். பக்கத்தில் இருப்பது ஸ்டியரிங். ஆமாம், கம்ப்யூட்டருக்கு ஸ்டியரிங்தான். கீழே மூன்று பெடலும் உண்டு. சிரிக்காதீர்கள். அதை என் மகள் வீட்டு வாசலில் இறக்கத்தான் போய்க்கொண்டிருக்கிறேன். நானே ஓட்டிக்கொண்டு போய், அவள் வீட்டுக் குறுகலான கேட்டுக்குள் ஒரு கீறல் விழாமல் வண்டியை நிறுத்தி, இறங்கி நின்று கேட்கப் போகிறேன். "இப்பச் சொல்லு. எனக்கு வண்டி ஓட்டத் தெரியுமா, தெரியாதா? என் சாவியைக் குடு."

ஆமாம், சாவி அவளிடம் இருக்கிறது. இது டூப்ளிகேட். அவளுக்குத் தெரியாது.

உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா சார்? கொஞ்சம் தெரியும் என்றால் போதும். அப்படியானால் நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

என் மருமகன் லோகநாதன் கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதிக் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கிறான். என் வீட்டுக்காரி போன பிறகு, நான் வீட்டில் தனியாக உட்கார்ந்து டிவியோடு சண்டை போடுகிறேன் என்று சொல்லி, அவனுடைய பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தான். ஸ்டியரிங்கும் அவன் வாங்கியதுதான். "மாமா, இதுல பஸ் ஓட்டற கேம் இருக்குதுங்க. மலை ரூட்டுங்க. நம்மூரு மாதிரியே லெப்ட்ல போறது. ஓட்டிப் பாருங்க" என்றான். விளையாட்டுச் சாமானா என்று முதலில் கேவலமாகத்தான் பார்த்தேன். உட்கார்ந்து ஒரு வளைவு திருப்பினேன் பாருங்கள். சார், கியர் விழுகிற சத்தம்கூட அப்படியே இருந்தது. இறக்கத்தில் இரண்டாவது கியரில் பிடித்துக்கொண்டு இறங்கினால் இன்ஜின் முனகுகிறது. ஸ்டாப்பில் நிறுத்தினால் ஆட்கள் ஏறுகிறார்கள், மழை பெய்தால் வைப்பர் போட வேண்டும். ஒரே ஒரு குறை, கண்டக்டர் இல்லை. விசில் இல்லை. அது எனக்குக் கை ஒடிந்த மாதிரி இருந்தது. இருந்தாலும் பழகிக்கொண்டேன்.

அதோ தொங்குகிறதே, அந்த விசில் சவரிமுத்துவுடையது. என் கண்டக்டர். கடைசி நாள் ட்யூட்டி முடிந்து என் கழுத்தில் மாட்டிவிட்டான். அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அவனோடும் எனக்கு இப்போது பேச்சில்லை. நான்தான் பேசுவதில்லை.

அந்த கேமை ஆறு மாதம் ஓட்டினேன். ராஜா மாதிரி ஓட்டினேன். அங்கங்கே உரசியிருக்கும். யார்தான் உரசாமல் ஓட்டுவது? பிறகுதான் வந்தது சனியன். ஒரு நாள் கம்ப்யூட்டர் கறுத்துப்போய், உன் சிஸ்டம் திருட்டுக் காப்பி என்று எழுதிக் காட்டியது. லோகநாதன் வந்து பார்த்தான். "இனிமே இந்த வம்பே வேணாமுங்க மாமா. லினக்ஸ்னு வேற சிஸ்டம் போட்டுடறனுங்க. காசே கிடையாது. உலகத்துல ஆயிரம் பேரு சேந்து சும்மா எழுதிக் குடுத்ததுங்க" என்றான்.

"சும்மா கிடைக்கிறது சும்மா கிடக்கத்தான் ஆகும்" என்றேன்.

"இல்லீங்க மாமா. எங்க கம்பெனியே அதுலதான் ஓடுது. உங்க பஸ் கேமைக்கூட அந்தக் கம்பெனிக்காரங்க இதுக்குன்னே தனியா விட்டிருக்காங்க. போர்ட் பண்ணியிருக்காங்க."

"அப்படின்னா?"

"அந்த சிஸ்டத்துக்காகச் செஞ்சதை இந்த சிஸ்டத்துக்கு மாத்திக் கட்டறதுங்க."

"பஸ்ஸுக்குப் பாடி கட்டற மாதிரியா?"

கொஞ்சம் யோசித்தான். "அப்படியே வச்சுக்கங்க மாமா."

அப்போதே எனக்கு உள்ளுக்குள் மணி அடித்துவிட்டது சார். நான் ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் பாடி கட்டுவதைப் பற்றி எனக்குச் சொல்ல ஆள் வேண்டாம். பஸ் பாடி கட்டுகிற ஊர், கரூரில் பிறந்த காக்காய்க்கும் அது தெரியும். ஒரு சேஸுக்கு, அதான் அடிச்சட்டத்துக்கு, அளவெடுத்துக் கட்டிய பாடியைக் கழற்றி இன்னொரு சேஸில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? போல்ட் உட்காரும். பெயின்ட் பளபளக்கும். வாழைமரம் கட்டி பூசை போட்டுப் படமும் எடுத்துக்கொள்வார்கள். ரோட்டில் விட்டால் தெரியும், எங்கே ஆடுகிறது, எங்கே கீச்சுக் கீச்சு என்கிறது என்று. ஓட்டுகிறவனுக்குத்தான் தெரியும். கட்டினவனுக்குத் தெரியாது.

அதேதான் நடந்தது. முதல் நாளே வளைவில் படம் திக்கித் திக்கி வந்தது. மூலையில் ஒரு நம்பர் ஓடும், ஒரு நொடிக்கு எத்தனை படம் என்று. பழைய சிஸ்டத்தில் அறுபதிலேயே நிற்கும். இதில் இருபதுக்கும் முப்பதுக்கும் ஊஞ்சல் ஆடியது. ஹாரன் அடித்தால் மாடு தாண்டிப் போன பிறகு சத்தம் வரும். பஸ்ஸின் நிழல் பஸ்ஸோடு வராது, பின்னால் தனியாக நடந்து வரும். வெறும் ரோடாக இருக்கும், கிட்டப் போனதும் புளியமரம் சடாரென்று முளைக்கும். மனுஷன் முளைப்பான். நான் பிரேக்கை மிதித்தால், அது யோசித்துவிட்டுத்தான் பிடிக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே, இடது கண்ணாடி. கறுப்பு. தார் பூசின மாதிரி கறுப்பு. வலது கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டி எல்லாம் தெரிகிறது. இடது கண்ணாடியில் ஒன்றுமே இல்லை.

ஏன் சார் சீட்டைப் பிடிக்கிறீர்கள்? சைக்கிளா? எங்கே? போய்விட்டானா. சரி. இந்த ரோட்டில் இப்படித்தான், சொல்லாமல் கொள்ளாமல் முளைப்பார்கள்.

லோகநாதனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவனே ஒப்புக்கொண்டான். "ஆமாங்க மாமா, போர்ட்டு சரியில்லை. அவசரத்துல கட்டியிருக்காங்க." பார்த்தீர்களா, அவன் வாயாலேயே சொன்னான். "அப்போ உன் லினக்ஸ் சரியில்லை" என்றேன். "லினக்ஸ் மேல தப்பில்லீங்க. கேம் கம்பெனிதான் ஒழுங்கா பண்ணலை" என்றான். இந்தப் பேச்சை நான் டெப்போவிலேயே கேட்டுவிட்டேன் சார். பிரேக் போனால் பாடிக்காரன் சேஸைச் சொல்வான். சேஸ்காரன் ஒர்க் ஷாப்பைச் சொல்வான். ஒர்க் ஷாப்பில் ஸ்பேர் வரவில்லை என்பான். கடைசியில் சஸ்பெண்ட் ஆவது டிரைவர்.

இங்கேயும் நான்தான் சஸ்பெண்ட் ஆனேன்.

பொங்கலுக்கு எல்லாரும் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மாட்டுப் பொங்கல் அன்று சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும்போது என் மகள் சுகுணா, "அப்பா, பஸ் ஓட்டிக் காட்டுங்க, இவங்கெல்லாம் பாத்ததில்லை" என்றாள். அவளே கேட்டாள். எனக்குத் தெரியும், இந்த மட்டமான கட்டுமானத்தில் ஓட்டினால் மானம் போகும் என்று. இருந்தாலும் மகள் கேட்டாள், ஓட்டினேன். இரண்டு வளைவு தாண்டி ஸ்டாப்பில் ஒதுக்கினேன். இடது பக்கம் ஒரு சைக்கிள்காரன் முளைத்தான். நான் பார்த்தபோது அவன் கீழே கிடக்கிறான். ஸ்கிரீன் முழுக்கச் சிவப்பு.

என் கொழுந்தியா வீட்டுக்காரர் பழனிவேலு இருக்கிறாரே, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார். "ஏனுங்க சகலை, அந்த சைக்கிள்காரன் பொஞ்சாதிக்கு யாரு பதில் சொல்றது?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சுகுணா சிரிக்கவில்லை. எழுந்து வாசலுக்குப் போனாள். இந்த வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். இடது பக்கம் நின்று கையால் தடவிப் பார்த்தாள். உள்ளே வந்து ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"என்னடி பண்றே?"

"அப்பா, கொஞ்ச நாளைக்கு வண்டி எடுக்க வேண்டாம்."

"கேம்ல இடிச்சதுக்கா?"

"கேம்ல மட்டுமா இடிச்சிருக்குது?"

இதைக் கேட்டீர்களா சார்? எவனோ எந்த ஊரிலோ உட்கார்ந்து அரைகுறையாக ஒரு கேமைக் கட்டுவான். அதில் ஒரு பொம்மை சைக்கிள்காரன் விழுவான். அதற்கு என் வண்டிச் சாவியைப் பிடுங்குவார்கள். இந்த நியாயம் எந்தக் கோர்ட்டில் இருக்கிறது? ஒரு கோழிமேல் படாத டிரைவர் நான்.

இந்த வண்டிக்கு இடது கண்ணாடியா? இல்லை. போன வருஷம் சித்திரையில் கோயில் வளைவில் தட்டிப் போய்விட்டது. மாட்டவில்லை. எனக்கு அது எப்போதுமே வேண்டியிருந்ததில்லை. பஸ்ஸில் இடது பக்கம் கண்டக்டருடையது சார். படியில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டே வருவான். சவரிமுத்து விசில் இல்லாமல் நான் பஸ்ஸை எடுத்ததும் இல்லை, நிறுத்தினதும் இல்லை. இரட்டை விசில் என்றால் எடு. ஒற்றை விசில் என்றால் நிறுத்து. அது எங்கே, எதற்கு என்று நான் கேட்க மாட்டேன். ஒற்றை விசில் காதில் விழுந்தால் என் கால் பிரேக்கில் இருக்கும். அப்படி ஓட்டியவன்.

சார், இருக்கிறீர்களா? சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் ஆள் இருப்பதே தெரியவில்லை. பேசிக்கொண்டு வாருங்கள்.

என்ன நீட்டுகிறீர்கள், கடலையா? எங்கே... ஆங், கொடுங்கள். முகத்துக்கு நேராக நீட்டுங்கள்.

விட்டேனா? விடவில்லை. மருமகனை உட்கார வைத்து, "அந்தக் கம்பெனிக்கு எழுது" என்றேன். அதற்கென்று ஒரு இடம் இருக்கிறதாம், ஓட்டுகிறவர்கள் எல்லாம் குறை எழுதுகிற இடம். நான் சொல்லச் சொல்ல அவன் இங்கிலீஷில் எழுதினான். ஹாரன், நிழல், பிரேக், முளைக்கிற மரம், இடது கண்ணாடி. அவன் மரியாதையாக எழுதுகிறானோ என்று எனக்குச் சந்தேகம். "நான் சொன்ன மாதிரியே எழுது" என்றேன். "எழுதியிருக்கனுங்க மாமா, கடைசியில நீங்க சொன்ன ரெண்டு வார்த்தைக்கு மட்டும் இங்கிலீஷ் கிடைக்கலீங்க" என்றான்.

முதலில் பதில் போட்டது யாரோ ஒருவன். கம்பெனிக்காரன்கூட இல்லை, நம்மை மாதிரி ஓட்டுகிறவன்தான். என்ன எழுதியிருந்தான் தெரியுமா? இது திறந்த சிஸ்டம், பிடிக்காவிட்டால் நீயே சரி செய்துகொள். லோகநாதன் படித்துச் சொன்னதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பஸ்ஸில் பிரேக் இல்லை என்று பயணி சொன்னால், இறங்கி நீயே போட்டுக்கொள் என்பானா சார்? காசு கொடுத்து வாங்கிய கேம். சிஸ்டம்தானே சும்மா, கேம் சும்மா இல்லையே.

ஆனால் பிறகு ஒவ்வொருவனாக வந்தான். ஜெர்மனிக்காரன் ஒருவன், என் இடது கண்ணாடியும் கறுப்புதான் என்று எழுதினான். பிரேசில்காரன் எழுதினான். ஜப்பான்காரன் படமே போட்டான். அன்று ராத்திரி எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது. என் சொந்த மகள் நம்பவில்லை, ஜப்பான்காரன் நம்பினான். சுகுணாவுக்குப் போன் போட்டேன். "பாரு, உலகமே சொல்லுது, இடது கண்ணாடி கறுப்பு. அப்போ தப்பு யாரு மேல? சாவியைக் குடு."

அவள் சொன்னாள், "சரிப்பா. அவங்க அதைச் சரி பண்ணட்டும். அப்புறம் இடிக்காம மலையை இறங்கிக் காட்டுங்க. சாவியை நானே கொண்டாந்து தர்றேன்."

வாக்குக் கொடுத்தாள். நீங்கள் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பங்குனியில் அப்டேட் வந்தது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். லோகநாதன் அதைப் போட்டான், ஓடவிட்டான். நான் பொய் சொல்ல மாட்டேன் சார். நன்றாகத்தான் செய்திருந்தார்கள். மூலையில் நம்பர் அறுபதில் ஆணி அடித்த மாதிரி நின்றது. திக்கல் இல்லை. ஹாரன் அடித்தால் அப்போதே அடிக்கிறது. நிழல் பஸ்ஸோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. பிரேக் தொட்டால் பிடிக்கிறது. கட்டினவன் தன் தப்பை ஒத்துக்கொண்டு திரும்பக் கட்டியிருக்கிறான், அந்த மட்டும் அவன் மனுஷன்.

லோகநாதன் விரலால் காட்டினான். "பாருங்க மாமா, இடது கண்ணாடியும் வந்துருச்சு."

திரும்பிப் பார்த்தேன். ஆமாம், கண்ணாடியில் ரோடு தெரிகிறது, பின்னால் லாரி வருகிறது. சரி என்று முன்னால் பார்த்து வண்டியை எடுத்தேன்.

காணோம் சார்.

கண்ணாடியே காணோம். திரும்பினால் இருக்கிறது. ரோட்டைப் பார்த்தால் போய்விடுகிறது. மறுபடி திரும்பினேன், இருக்கிறது. மறுபடி ரோட்டைப் பார்த்தேன், இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது, என்ன திருட்டு வேலை செய்திருக்கிறார்கள் என்று. லோகநாதனே முன்னால் ஒரு தடவை சொல்லியிருக்கிறான், இந்த கேம் எல்லாம் நாம் பார்க்காத இடத்தைப் படம் வரையாமல் விட்டுவிடும், கம்ப்யூட்டருக்கு வேலை மிச்சம் என்று. அதேதான். நான் முறைத்துப் பார்த்தால் வரைகிறான். நான் ரோட்டைப் பார்த்தால் விட்டுவிடுகிறான். அறுபது வருகிறதே எப்படி வருகிறது? இடது பக்கத்தைத் திருடி வருகிறது.

சொன்னேன். அவர்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கேமுக்கு நீங்க எங்க பாக்கறீங்கன்னு தெரியாதுங்க மாமா" என்றான் லோகநாதன், மெதுவாக.

"உனக்குத் தெரியாதுன்னு சொல்லு."

மூன்றாவது வளைவில் ஒரு நிழற்குடை. இடது பக்கம். இடித்தேன். சரி என்று திரும்ப ஆரம்பித்தேன். ஒரு பூக்காரி. பிறகு லோகநாதன் உட்கார்ந்து ஓட்டினான். அவனுக்கு பஸ்ஸே ஓட்டத் தெரியாது சார், கிளட்ச்சில் காலை வைத்துக்கொண்டே ஓட்டுகிறவன். ஒரு கீறல் இல்லாமல் மலை இறங்கிவிட்டான். ஏன் இறங்க மாட்டான்? அவன் போட்ட சிஸ்டம், அவன் சொல்லைக் கேட்கிறது.

அப்போது சுகுணா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எந்தப் பக்கம் வந்தாள் என்றே தெரியவில்லை, திடீரென்று கை என் தோள்மேல் இருக்கிறது. "அப்பா, ஒருக்கா கண்ணு டாக்டர்கிட்ட காட்டிக்கலாம்" என்றாள்.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே. கண்ணா? என் கண்ணா? அதோ போகிறதே மணல் லாரி, இங்கிருந்து அதன் நம்பரைச் சொல்லட்டுமா? டி.என். நாற்பத்தேழு, ஏ.ஜே., அதற்குப் பிறகு ஐந்து, பூஜ்யம், மூன்று...

என்ன சார், என்ன? ஸ்டியரிங்கை விடுங்கள், ஓட்டுகிறவன் கையை இப்படிப் பிடித்து இழுக்கலாமா? ஆடா? இத்தனை ஆடா? எப்போது வந்தது? மேய்க்கிறவன் எங்கே போனான்? அங்கே நின்று திட்டுகிறானா? அவன் திட்டட்டும். ரோட்டை என்ன பட்டி என்று நினைத்துக்கொண்டானா? படவில்லையே? படவில்லை. அப்புறம் என்ன.

தண்ணீர் குடியுங்கள். இந்தக் காலத்து ஆட்களுக்கு நெஞ்சில் தைரியமே இல்லை.

எங்கே விட்டேன்? கண். அவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டேன். மகளை, மருமகனை, சோறுகூடப் போடாமல். மறுநாள் நேரே சவரிமுத்து வீட்டுக்குப் போனேன். என்னோடு இருபது வருஷம் ஓடியவன். என்னைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொன்னால் என் மகள் கேட்பாள். டீ கொடுத்தான். கதை எல்லாம் சொன்னேன், கறுப்புக் கண்ணாடி, ஜப்பான்காரன், எல்லாம். கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் என்ன சொன்னான் தெரியுமா?

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. கடைசி ரெண்டு வருசம் பஸ்ஸுக்கு இடது பக்கத்தை நான்தான் ஓட்டினேன்."

"என்னடா உளர்றே?"

"நீங்க அந்தப் பக்கம் பாக்கறதில்லைன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சுண்ணே. அதான் டிக்கெட்டைப் பாதியில விட்டுட்டுப் படிக்கு ஓடியாந்து விசில் குடுப்பேன். செக்கிங்கில மாட்டி மெமோகூட வாங்கியிருக்கேன். உங்ககிட்ட சொல்லலை."

டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். என் பஸ்ஸை இவன் ஓட்டினானாம். என் கேடயத்தில் இவனுக்குப் பங்காம். சொல்ல வேண்டியதை அப்போதே சொல்லியிருக்கலாமே? ஒரு விசில் ஊதுகிறவனுக்கு இவ்வளவு எகத்தாளம். அன்றிலிருந்து பேச்சில்லை. விசிலை ஏன் மாட்டி வைத்திருக்கிறேன் என்று கேட்கிறீர்களா? கழற்ற வேண்டும். கழற்றுவேன்.

ஆக, எல்லாரும் ஒரு பக்கம் சார். கம்பெனிக்காரன், சும்மா எழுதிக் கொடுத்த ஆயிரம் பேர், மகள், மருமகன், கண்டக்டர். நான் ஒருவன் ஒரு பக்கம். அதனால்தான் இன்றைக்குக் கம்ப்யூட்டரைத் தூக்கி வண்டியில் போட்டேன். உன் பெட்டியும் வேண்டாம், உன் மலையும் வேண்டாம். இதோ நிஜ ரோடு, நிஜ வண்டி, நிஜ கேட். இதில் எவனும் எதையும் வரையாமல் விட முடியாது. இதில் இடிக்காமல் நிறுத்தினால் நான் டிரைவர். அவ்வளவுதான் கணக்கு.

தாந்தோணிமலை வந்துவிட்டது, கரூருக்குள் வந்த மாதிரிதான். ஏன் சார், இங்கேயே இறங்குகிறேன் என்கிறீர்கள்? பஸ் ஸ்டாண்டுக்கு உங்களை நானே கொண்டுபோய் விடுகிறேன். இரண்டு தெரு தள்ளித்தான் மகள் வீடு. இதைப் பார்த்துவிட்டுப் போங்கள். சாட்சிக்கு ஒரு ஆள் வேண்டும் எனக்கு. பிறகு அவள் மாற்றிப் பேசக்கூடாது.

இதோ இந்தத் தெருதான். ஹாரன் கொடுக்கிறேன், வெளியே வந்து பார்க்கட்டும். அதோ கேட் திறந்திருக்கிறது. குறுகல்தான், பஸ்ஸை டெப்போவில் ரிவர்ஸ் எடுத்தவனுக்கு இது என்ன. முதல் கியர். மெதுவாக. வலது பக்கத் தூணுக்கு ஒரு சாண் இருக்கிறது, பார்த்தீர்களா, அளவு வைத்த மாதிரி. இடது பக்கம்...

நிறுத்திவிட்டேன். நிறுத்திவிட்டேன் சார். ஏன் இப்படிக் கத்துகிறீர்கள்? காது அடைத்துவிட்டது. தூணா? தூண் இல்லையா? பின் என்ன?

சுகுணாவா? எங்கே?

வாசலில் யாரும் இல்லையே சார். திறந்த கேட், அதற்குள் துளசி மாடம், கதவு. நான்தான் பார்த்துக்கொண்டு வருகிறேனே. இடது பக்கமா? எவ்வளவு கிட்ட?

இருங்கள்.

ஆமாம். நிற்கிறாள். கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். கை வண்டி மூக்கின் மேலேயே இருக்கிறது.

இருங்கள், பேசாதீர்கள். முன்னால் பார்க்கிறேன். துளசி மாடம். கதவு. அவள் இல்லை.

திரும்புகிறேன். இருக்கிறாள். அழுகிறாளா அவள்?

முன்னால் பார்க்கிறேன். இல்லை.

இது... இதில் யார் சார் வரையாமல் விட்டது?

இன்ஜினை அணைத்துவிட்டேன். சாவி இதோ. பிடியுங்கள், உங்கள் கை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை, நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். அவளிடம் கொடுத்துவிடுங்கள். டூப்ளிகேட் என்று சொல்லுங்கள். வண்டிக்கு இடது கண்ணாடி இல்லை, அதனால் கொடுத்தார் என்று சொல்லுங்கள். வேறு ஒன்றும் சொல்ல வேண்டாம்.

கம்ப்யூட்டர் இருக்கட்டும். அப்புறம் இறக்கிக்கொள்ளலாம்.

சார், போவதற்கு முன் ஒரு உதவி. எனக்குக் கால் இன்னும் பிரேக்கைவிட்டு எடுக்க வரவில்லை. அதோ தொங்குகிறதே சவரிமுத்து விசில், அதை எடுங்கள். ஊதத் தெரியும் அல்லவா?

இரண்டு வேண்டாம். ஒன்று.